தன்மையும் படர்க்கையும்

என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் பாயை விரித்துக்கொண்டு, ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ கதையை அவளுக்கு மூன்று இரவுகளில் சொல்லி முடித்தேன். மதிப்பு மிக்க மருத்துவரான ஜெக்கிலும், பார்த்தவர் எல்லாரும் காரணம் தெரியாமல் அருவருக்கும் ஹைடும் ஒரே ஆள்தான் என்ற இரகசியம் மூன்றாம் இரவில் வெளிப்பட்டது. அவள் வியப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவளோ சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“ரெண்டு பேரும் ஒரே ஆள்தானே மாமா? அப்புறம் ஏன் ஜெக்கில் வந்தார், போனார்னும், ஹைட் வந்தான், போனான்னும் சொன்னீங்க?”

அந்தக் கேள்விக்கு அன்றிரவு என்னிடம் விடை இல்லை. எத்தனையோ முறை படித்த நூல்; அதைச் சொல்லத் தொடங்கிய முதல் வாக்கியத்திலேயே என் நாக்கு ஒருவருக்கு ‘ஆர்’ விகுதியையும் மற்றவருக்கு ‘ஆன்’ விகுதியையும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டது என்பதை ஒரு பதினான்கு வயதுப் பெண் சொல்லித்தான் நான் உணர்ந்தேன். அதன்பின் அந்த நூலையும், அதே மரபில் வந்த வேறு சில திகில் நாவல்களையும் இந்த ஒரு கேள்வியோடு திரும்பப் படித்தேன். மனிதனுக்குள் இருக்கும் நன்மை தீமை பற்றி அவை சொல்வதை இதுவரை நான் தவறாகவே புரிந்துகொண்டிருந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஜெக்கிலுக்கும் ஹைடுக்கும் அங்கே ஒரே படர்க்கைச் சொல்தான். நூலின் தலைப்பே ஹைடுக்கு ‘மிஸ்டர்’ என்ற அடைமொழியைக் கொடுத்துவிடுகிறது. 1886 ஜனவரியில் லண்டனில் ஒரு ஷில்லிங் விலையில் இந்நூல் வெளிவந்தபோது, அதை வாங்கியவர்களுக்கு இன்று நமக்குத் தெரிந்திருக்கும் இரகசியம் தெரியாது. முதல் ஆறு மாதங்களில் ஏறத்தாழ 40,000 படிகள் விற்ற அந்த நூலை, ஒரு மருத்துவரை மிரட்டிப் பணம் பறிக்கும் கயவனைப் பற்றிய துப்பறியும் கதையாகவே அவர்கள் படித்துக்கொண்டு போயிருப்பார்கள். பத்துப் பகுதிகள் கொண்ட நூலில் ஒன்பதாவது பகுதியில்தான் முடிச்சு அவிழ்கிறது. தமிழில் சொல்லும் நானோ, முடிச்சு அவிழ்வதற்கு முன்பும் பின்பும், கதை என்ன சொன்னாலும் அவர்கள் இருவேறு ஆட்கள் என்று ஒவ்வொரு வினைமுற்றிலும் சாதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எவரெவர் உயர்திணை என்று வகுக்கும்போது ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்கிறது. நரகரும் உயர்திணை என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது நான் நின்று யோசித்ததில்லை. நரகத்தில் கிடப்பவரையும் ‘அது’ என்று சொல்லக்கூடாது என்பது எவ்வளவு பெரிய முடிவு! அதே நூல் இன்னோரிடத்தில், உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் பாலும் திணையும் மாறி வந்தாலும் அது இயல்பே என்று ஒப்புக்கொள்கிறது. தன் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவர் சொல்வது உவப்பினால். ஒரு மனிதரை ‘அது’ என்று சொல்வது செறலினால், அதாவது சினத்தினால், அல்லது இழிப்பினால். இந்தச் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டீவன்சனைப் படித்தால், அவருடைய மனிதர்கள் ஒவ்வொருவரும் ஹைடை எந்தப் படியில் நிறுத்துகிறார்கள் என்பது துல்லியமாகத் தெரிகிறது.

இனி இக்கட்டுரையில் இருவருக்கும் ஒரே விகுதியைத்தான் பயன்படுத்தப் போகிறேன். படிக்க உறுத்தலாக இருக்கும். எழுதும்போது எனக்கும் உறுத்துகிறது.

நூலின் தொடக்கத்தில் ஒரு கதவு வருகிறது. அழைப்பு மணியோ தட்டும் வளையமோ இல்லாத, சாயம் வெம்பிக் கறை படிந்த கதவு. பனிக்கால விடியலுக்கு முந்தைய இருளில், மூன்று மணி அளவில், எட்டு அல்லது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மருத்துவரை அழைக்க ஓடி வருகிறாள். தெருமுனையில் ஹைட் அவள்மீது மோதுகிறார். கீழே விழுந்த குழந்தையின் உடல்மீது அமைதியாக மிதித்து நடந்துவிட்டு, அவள் அலறிக்கொண்டு கிடக்கத் தம் வழியே போகிறார். இதைப் பார்த்துச் சொல்லும் என்ஃபீல்ட், அது மனிதனைப் போலவே இல்லை, ஏதோ ஒரு ‘ஜகர்நாட்’ போல இருந்தது என்கிறார். புரி ஜகந்நாதரின் தேர் பற்றி ஐரோப்பியப் பயணிகள் எழுதிய கதைகளிலிருந்து, கண்மூடித்தனமாக நசுக்கிச் செல்லும் பெருஞ்சக்கரம் என்ற பொருளில் ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. ஒரே வாக்கியத்தில் ஹைட் உயர்திணையிலிருந்து இறங்கித் தேர்ச்சக்கரம் ஆகிவிடுகிறார்.

ஆனால் அடுத்து நடப்பதை ‘ஜகர்நாட்’ செய்யாது. கூடியவர்கள் நூறு பவுன் இழப்பீடு கேட்டதும் ஹைட் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய், பத்துப் பவுன் பொன்னாகவும் மீதியைக் காசோலையாகவும் கொண்டுவந்து தருகிறார். காசோலையில் இருக்கும் கையெழுத்து ஊரறிந்த, மதிப்புமிக்க ஒருவருடையது. பொழுது விடிந்து வங்கி திறந்ததும் பார்த்தால், காசோலை செல்லுகிறது. இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான அச்சம் ஏற்படுகிறது. குழந்தையை மிதித்த கால் ஒரு பெயருக்கும், அதற்கு விலை கொடுக்கும் கை இன்னொரு பெயருக்கும் உரியவை. கையெழுத்துக்கு உரியவர் யார் என்று என்ஃபீல்டுக்கும் தெரியும், அவர் சொல்லக் கேட்கும் வழக்கறிஞர் அட்டர்சனுக்கும் தெரியும். இருவரும் அந்தப் பேச்சை மறுபடி எடுப்பதில்லை என்று கைகொடுத்து உடன்பட்டுவிடுகிறார்கள். பேசாமல் இருப்பதே அவர்களுக்கு நற்பண்பு. ஜெக்கிலின் வீட்டைச் சுற்றி எழுப்பப்பட்டிருக்கும் சுவர்களில் பாதியை அவருடைய நல்ல நண்பர்களே எழுப்பியிருக்கிறார்கள்.

ஜெக்கில் தம் வாக்குமூலத்தில் சொல்லும் முதல் செய்தி, நாம் எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறியது. தம் குறைகளில் மிக மோசமானது இன்ப நாட்டம் கொண்ட ஒருவகைப் பொறுமையின்மை என்கிறார். பலருக்கு அது மகிழ்ச்சியைத் தந்திருக்கும் என்றும் சொல்கிறார். பிறர் முன்னால் தலையை நிமிர்த்தி, மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலான கம்பீரத்தோடு நடக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அந்த ஆசைக்கும் இந்த நாட்டத்துக்கும் ஒத்துவரவில்லை. ஆகவே இன்பங்களை மறைத்தார். இருவேறு வாழ்க்கை என்பது தம்மை ஹைடாக மாற்றும் மருந்தைக் குடிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வெறும் தலைநிமிர்விலிருந்து தொடங்கியிருக்கிறது. அவருடைய உயிலில் பெயருக்குப் பின்னால் எம்.டி., டி.சி.எல்., எல்எல்.டி., எஃப்.ஆர்.எஸ். என்று பட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. நான் ‘ஆர்’ விகுதி கொடுத்தது அந்த வரிசைக்குத்தான்.

முதன்முறை உருமாறிய இரவில் அவர் கண்ணாடியில் ஹைடைப் பார்க்கிறார். அருவருப்பு ஏற்படவில்லை, மாறாக, வரவேற்கும் துள்ளல் ஏற்பட்டது, இதுவும் நான்தான் என்று தோன்றியது என எழுதுகிறார். ஹைட் உருவத்தில் சிறியவராகவும் வயதில் இளையவராகவும் இருப்பதற்கு அவர் சொல்லும் விளக்கமும் நுட்பமானது: தம் வாழ்வில் பத்தில் ஒன்பது பங்கு உழைப்பும் ஒழுக்கமுமாகக் கழிந்ததால், அந்தப் பக்கம் குறைவாகவே பயன்பட்டிருக்கிறது, குறைவாகவே தேய்ந்திருக்கிறது. நான் இந்த இடத்தை முன்பு வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன். வாக்குமூலம் முழுவதிலும் அவர் ‘நான்’ என்று ஹைடை நோக்கி நேர்மையாகச் சொல்லும் இடம் இதைப் போல வேறொன்றில்லை.

பிறகு சர் டேன்வர்ஸ் கேரூவின் கொலை வருகிறது. முதியவரைக் கைத்தடியால் அடித்துக் கொல்லும் அந்தக் காட்சியை ஜெக்கில் எழுதும்போது, வினைமுற்றுகள் தன்மையில்தான் இருக்கின்றன. எதிர்ப்புக் காட்டாத அந்த உடலைப் பேருவகையோடு சிதைத்தேன், ஒவ்வோர் அடியிலும் இன்பத்தைச் சுவைத்தேன். சில பக்கங்கள் தள்ளி, காவலர்கள் தேடும் ஹைட் ஒரு விடுதி அறையில் தீயின் அருகே நாள் முழுதும் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் காட்சி வருகிறது. அங்கே எழுவாய் மாறுகிறது. அவன் உட்கார்ந்திருந்தான், அவன் அச்சத்தோடு தனியே உண்டான். உடனே ஜெக்கிலே நின்று சொல்கிறார்: அவன் என்றுதான் சொல்கிறேன், நான் என்று சொல்ல முடியவில்லை. அந்த நரகத்தின் பிள்ளையிடம் மனிதத்தன்மை எதுவும் இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தபோது என் கை நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் இறந்தகால வினை ‘நான்’ என்றாலும் ‘அவன்’ என்றாலும் வடிவம் மாறுவதில்லை. எழுவாயை மட்டும் மாற்றினால் போதும். தமிழில் அடித்தேன் என்பது வேறு, அடித்தான் என்பது வேறு. செயலின் வேரோடு செய்தவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். அப்படி எழுதிப் பார்த்தபோது கண்ணில் பட்டது இது: கொலையின் இன்பத்தை அனுபவித்தபோது ‘ஏன்’, கொலைக்காக அஞ்சி நடுங்கியபோது ‘ஆன்’. இன்பம் தன்மைக்கு, அச்சம் படர்க்கைக்கு. ஜெக்கிலின் கணக்கு நன்மைக்கும் தீமைக்கும் நடுவே கோடு போடவே இல்லை. தமக்கு வேண்டியதற்கும் தாம் பொறுக்க வேண்டியதற்கும் நடுவே போட்டிருக்கிறது.

அதோடும் அவர் நிற்கவில்லை. கடைசிப் பக்கங்களில் ஹைடை நரகத்தன்மை கொண்டது மட்டுமல்ல, உயிரற்ற சடப்பொருள் என்றே எண்ணுகிறார். குழியின் சேறு குரலெழுப்புவது போலவும், உருவமற்ற புழுதி கையசைத்துப் பாவம் செய்வது போலவும் அவருக்குத் தோன்றுகிறது. நன்னூலார் நரகரை நிறுத்திய படிக்கும் கீழே, ‘உயிர் இல்லவும்’ என்ற அஃறிணையின் அடித்தட்டுக்கு ஹைடைத் தள்ளிவிடுகிறார். இதுவும் நான்தான் என்று வரவேற்றதில் தொடங்கி, அவன் என்றாகி, சேறு என்று முடிகிறது. ஜெக்கில் ஹைடாக மாறியது இந்தக் கதையின் கொடுமை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு இந்த இறக்கம்தான் கொடுமையாகத் தெரிகிறது.

ரீஜண்ட் பூங்காவில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். கொலைக்குப் பிறகு ஜெக்கில் மருந்தை விட்டுவிட்டுப் பல மாதங்கள் அறச்செயல்களில் ஈடுபடுகிறார். பின் ஒருமுறை மருந்தின் துணையில்லாமலே, ஜெக்கிலாக இருந்தபடியே, பழைய இன்பங்களுக்கு இரகசியமாகத் திரும்புகிறார். ஜனவரி மாதத்தின் தெளிந்த நாளொன்றில், வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நானும் என் அண்டை அயலாரைப் போன்றவன்தானே என்று நினைக்கிறார். அடுத்து, தம் நற்செயல்களை அவர்களுடைய சோம்பலான கொடுமையோடு ஒப்பிட்டுப் புன்னகைக்கிறார். அந்த எண்ணம் தோன்றிய அதே நொடியில் உடல் நடுங்கிக் குமட்டுகிறது. குனிந்து பார்த்தால் முழங்காலில் கிடப்பது ஹைடின் நரம்போடிய, மயிர் அடர்ந்த கை. விழித்திருக்கும் வேளையில் மருந்தில்லாமல் நடந்த முதல் மாற்றம் இது. சினத்தாலோ காமத்தாலோ அது நடக்கவில்லை. பிறரைவிட நான் நல்லவன் என்ற எண்ணம் எழுந்த இடத்தில் நடந்தது. ஸ்டீவன்சன் இதை விளக்கவில்லை. எண்ணத்தையும் கையையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

இது நானாக ஏற்றிச் சொல்வது என்று யாராவது நினைக்கலாம். 1887-இல் இந்தக் கதை அமெரிக்காவில் நாடகமானபோது, ஹைடைக் காமவெறியனாகக் காட்டுவதைக் கேள்விப்பட்ட ஸ்டீவன்சன் ஒரு கடிதத்தில் தம் எதிர்ப்பை எழுதினார். தீங்கு ஜெக்கிலிடம் இருந்தது, காரணம் அவர் பாசாங்குக்காரர் என்பது அக்கடிதத்தின் சாரம். அவர் பிறந்து வளர்ந்த எடின்பரோவில் அதற்கொரு முன்மாதிரியும் இருந்தது. வில்லியம் பிரோடி என்ற தச்சர், தம் தொழிற்சங்கத்தின் தலைவர், நகரமன்ற உறுப்பினர். பகலில் செல்வர் வீடுகளில் வேலை பார்த்து, இரவில் அவ்வகை வீடுகளையும் கடைகளையும் கொள்ளையடித்து, 1788 அக்டோபர் 1 அன்று தூக்கிலிடப்பட்டவர். அவர் செய்த அலமாரி ஒன்று சிறுவன் ஸ்டீவன்சனின் படுக்கையறையில் இருந்தது. நோயாளிக் குழந்தையாக இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர் அவர். அந்தப் பழுதில்லாத மரவேலையை எத்தனை இரவு பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். நல்ல கையும் கெட்ட கையும் அங்கே ஒரே கைதான்.

அறுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு நூலுக்குப் போகிறேன். மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’, 1818. பதினெட்டு வயதில் எழுதத் தொடங்கிய நாவல். விக்டர் ஃப்ராங்கன்ஸ்டைன் உயிர் கொடுத்த படைப்பு நவம்பர் மாத இரவொன்றில் கண் திறக்கிறது. அந்த ஒரு பத்தியில் ஆங்கிலத்திலும் திணை மாறுகிறது என்பதை இந்த முறைதான் கவனித்தேன். அது மூச்சு விட்டது, அதன் உறுப்புகள் துடித்தன என்று அஃறிணையில் தொடங்கி, அடுத்த வரிகளிலேயே அவனுடைய உறுப்புகள் அளவாக இருந்தன, அவனுடைய முகக்கூறுகளை அழகானவையாகத் தேர்ந்தெடுத்திருந்தேன் என்று உயர்திணைக்கு ஏறிவிடுகிறது. விக்டர் படுக்கையறைக்கு ஓடிப்போய்ப் படுத்து விழிக்கும்போது, அவன் திரையை விலக்கி நின்று, ஏதோ ஒலி எழுப்பி, ஒரு கையை நீட்டுகிறான். தடுத்து நிறுத்த நீட்டியது போலிருந்தது என்று சொல்லிவிட்டு விக்டர் தப்பி ஓடுகிறார். பிறந்து சில மணி நேரமே ஆன ஒருவன் நீட்டிய கை அது. நான் அவனை ‘அவன்’ என்று சொல்வது குழந்தையைச் சொல்வது போலத்தான்.

அவனுக்குப் பெயர் கிடையாது. 1823-இல் லண்டனில் இது நாடகமாக நடந்தபோது, நடிகர் பட்டியலில் அவன் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு அச்சிட்டிருந்தார்கள். பார்க்கப் போன மேரி ஷெல்லிக்கு, பெயரிட முடியாததைப் பெயரில்லாமலே குறித்த அந்த முறை பிடித்திருந்தது என்று நண்பருக்கு எழுதியிருக்கிறார். ஆனால் பெயர் கொடுக்காத அவர் அவனுக்கு வேறொன்றைக் கொடுத்தார். நாவலின் நடுவே, மோன் பிளாங்க் மலையடியின் பனியாற்றின் மேல், பல அத்தியாயங்களுக்கு அவன் ‘நான்’ என்று தன் கதையைத் தானே சொல்கிறான். நான் அன்புள்ளவனாகவும் நல்லவனாகவும் இருந்தேன், துன்பம் என்னைப் பேயாக்கியது என்ற அவனுடைய சொற்களைப் பலர் எடுத்தாள்வதுண்டு. அதை மட்டும் வைத்துக்கொண்டு, தீமை வெளியிலிருந்து வருகிறது, சமூகம்தான் குற்றவாளி என்று முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவன் வில்லியம் என்ற சிறுவனைக் கொன்றான். உறங்கிக்கொண்டிருந்த ஜஸ்டின் என்ற பெண்ணின் உடையில் சான்றுப் பொருளை வைத்து, அவளைத் தூக்குக்கு அனுப்பினான். அவனை வைத்துப் பரிதாபக் கதை மட்டும் சொல்பவர்கள் ஜஸ்டினை மறந்துவிடுகிறார்கள்.

அவன் மறக்கவில்லை. நாவலின் முடிவில், வடதுருவக் கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும் கப்பலில், விக்டரின் பிணத்தின் மேல் குனிந்து நின்று, அழகானவர்களையும் ஆதரவற்றவர்களையும் நான் கொன்றேன் என்கிறான். நீங்கள் என்னை வெறுப்பது நான் என்னை வெறுப்பதற்கு ஈடாகாது என்கிறான். மனிதகுலம் முழுதும் எனக்குத் தீங்கிழைத்திருக்க, நான் ஒருவன்தானா குற்றவாளி என்ற கேள்வியையும் விடாமல் கேட்கிறான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவனால் முடிகிறது. சில பக்கங்களுக்கு முன்பு சாகக் கிடந்த விக்டர், தம் கடந்தகாலச் செயல்களை ஆராய்ந்து பார்த்ததில் பழிக்கத்தக்கது எதையும் காணவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஜஸ்டின் குற்றமற்றவள் என்று தெரிந்தும் நீதிமன்றத்தில் வாய் திறக்காதவர் அவர்.

நம் இலக்கணத்தில் ‘நான்’ என்பதன் இடத்துக்குத் தன்மை என்று பெயர். ஒருவருடைய இயல்புக்கும் அதே பெயர்தான். பேய் என்றும் பூதம் என்றும் ஊரார் விரட்டிய ஒருவன், கொன்றேன் என்று தன்மையில் பேசுகிறான். பட்டங்கள் வரிசையாக நிற்கும் ஒருவர், முடியவில்லை என்று படர்க்கைக்கு ஓடிவிடுகிறார். இவர்கள் இருவரில் எவரிடம் மனிதத்தன்மை மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால், நான் தயங்காமல் அந்தப் பெயரில்லாதவனைக் காட்டுவேன். அவன் கைகளில் இருக்கும் இரத்தத்தை மறக்காமலேதான் இதைச் சொல்கிறேன்.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ எனக்கு இவற்றின் அளவுக்கு நெருக்கமில்லாததும் இதனால்தான் போலும். 1897-இல் வந்த அந்த நாவல் பெரும்பாலும் நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆனது. எல்லாரும் ‘நான்’ என்று எழுதுகிறார்கள், டிராகுலாவின் நாட்குறிப்பு மட்டும் இல்லை. தீமை முழுக்கப் படர்க்கையில் இருப்பதால் நாம் நிம்மதியாக அவரை வேட்டையாடலாம். நல்ல திகில் கதைதான். ஆனால் அது என் அக்கா மகளின் கேள்விக்கு இடமே கொடுக்காது.

ஜெக்கிலின் வாக்குமூலத்துடைய கடைசி வாக்கியத்தைப் பலமுறை தமிழாக்கிப் பார்த்துவிட்டேன். பேனாவைக் கீழே வைத்து, இந்த வாக்குமூலத்தை முத்திரையிடும்போது, அந்தத் துயருற்ற ஹென்றி ஜெக்கிலின் வாழ்வை முடித்துவைக்கிறேன். எழுதும் கை ‘முடித்துவைக்கிறேன்’ என்று தன்மையில் இருக்கிறது. ஹென்றி ஜெக்கில் என்ற பெயரோ ‘அந்த’ என்னும் சுட்டோடு படர்க்கைக்குப் போய்விட்டது. ஹைடை வெளியே தள்ளித் தள்ளி, கடைசியில் ஜெக்கிலுக்கும் உள்ளே இடமில்லாமல் போய்விட்டது. அந்த ‘ஏன்’ விகுதிக்கு உரியவர் யார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய இரவில் அக்கா மகள் அதே பாயில் தன் தம்பியை உட்காரவைத்துக் கதை சொல்லத் தொடங்கினாள். நான் சற்றுத் தள்ளிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரகசியத்தை அவள் மூன்றாம் இரவு வரை வைத்துக் காக்கவில்லை.

“ஜெக்கில்னு ஒரு டாக்டர் இருந்தார்” என்றாள். “ரொம்ப நல்லவர்னு ஊரே சொல்லும். ஒரு நாள் ராத்திரி மூணு மணிக்கு, ஒரு குழந்தையை மிதிச்சுட்டு நடந்து போனார்.”